வீடு மாறிய சட்டைகள்

ஆடி 5, திங்கள்

இன்று ரேடியோ ஆபீசுக்கு நான் கட்டிக்கொண்டு போன சேலை என்னுடையது இல்லை. பி பிளாக் பேங்க் மேடத்துடையது. தேய்க்க வந்தது. தேய்த்து முடித்ததும் இதை மடிப்பதா, உடுத்துவதா என்று கொஞ்சம் யோசித்தேன். உடுத்துவதும் ஒரு வகை மடிப்புதானே என்று மனசு சொல்லிவிட்டது. சாயங்காலம் மறுபடியும் தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேடம் முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன பவுனுத்தாயி, சேலையில போண்டா வாசம் வருது?" என்றார். "இப்ப வர்ற கரியே அப்படித்தான் மேடம்" என்றேன்.

ரேடியோ என்றால் பெரிய ரேடியோ இல்லை. பக்கத்துக் கல்லூரிக்காரர்கள் நடத்துவது, நாலைந்து தெருவுக்குத்தான் கேட்கும். அங்கே ஹேமலதா என்று ஒரு பிள்ளை இருக்கிறது. வீட்டு வேலை, கடை வேலை பார்க்கிற பெண்களைத் திங்கட்கிழமை மதியம் கூட்டி உட்காரவைத்து, அவரவர் வாழ்க்கையில் நடந்த சிரிப்பான சங்கதியைச் சொல்லச் சொல்கிறது. நன்றாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒலிபரப்பு. போண்டாவும் டீயும் எப்படி இருந்தாலும் உண்டு.

நடந்ததை அப்படியே சொன்னால் போதாதாம். என்ன மனநிலையில் சொல்கிறோம், நம்முடைய குரல் எது, எதற்காகச் சொல்கிறோம், யார் கண்ணால் பார்த்துச் சொல்கிறோம், இந்த நாலும் தெரிந்தால்தான் கேட்கிறவர்கள் சரியான இடத்தில் சிரிப்பார்களாம்.

"எங்க சம்பந்தியம்மா எந்த எடத்துலயும் சிரிக்க மாட்டாக. அவுகளுக்கு என்ன பாடம்?" என்று கேட்டேன். அதற்கே எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

அப்புறம் மாமா கதையைச் சொன்னேன். மாமா என்றால் என் வீட்டுக்காரர் சோணைமுத்து. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. தாய்மாமனையே கட்டிக்கொண்டதால் பால்குடி மறக்கும் முன்பிருந்தே அவரைக் கேலி பண்ணுகிற உரிமை எனக்கு உண்டு. அபார்ட்மெண்ட் வாசலில், புங்கமரத்தடியில் எங்கள் தேய்ப்பு வண்டி நிற்கிறது. போன மாதம் மாமா அங்கே கல்யாணமாகி வந்திருக்கிற புதுப்பெண்ணின் நைட்டியை ரிட்டயர்டு தாசில்தார் வீட்டிலும், தாசில்தாரின் பனியனைப் புதுப்பெண் வீட்டிலும் கொடுத்துவிட்டார். தாசில்தார் சம்சாரம் நைட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "இது யாருது?" என்று கேட்டது. எங்களை இல்லை, தாசில்தாரை.

ஹேமலதா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. அதைப் பதிவு பண்ணிக்கொண்டது. தினம் ரெண்டு வரியாவது எழுதிப் பழகச் சொல்லி இந்த நோட்டைக் கொடுத்தது. அஞ்சாம் கிளாசோடு நின்றவளுக்கு நோட்டு. மாமா பார்த்துவிட்டு, "யாருக்குடி கணக்கு எழுதப் போற?" என்றார். "உங்க கணக்குத்தான்" என்றேன்.

ஆடி 6, செவ்வாய்

தூறல். கரி நமுத்துப்போய்ப் புகைந்தது. மாமா இன்று எதையும் மாற்றிக் கொடுக்கவில்லை. எல்லா வீட்டுக்கும் நானே போய்க் கொடுத்தேன்.

ஆடி 9, வெள்ளி

எங்கள் தொழிலில் சிலர் துணியில் மையால் குறி போடுவார்கள். சிலர் சீட்டு எழுதிச் செருகுவார்கள். மாமா ரெண்டும் செய்ததில்லை. காலரைத் திருப்புவார், "சி பிளாக், ரெண்டாவது மாடி, வலதுகைப் பக்கம்" என்பார். அந்த வீட்டிலேயே யாருடையது என்றும் சொல்வார். வியர்வை எங்கே பட்டிருக்கிறது, பொத்தானை யார் தைத்தது, எல்லாம் பார்ப்பாராம். பிறகு அந்தந்த வீட்டுத் துணியை அந்தந்த வீட்டு விரிப்பிலேயே வைத்து மூட்டையாகக் கட்டுவார். அவர் போடுகிற முடிச்சு இழுத்தால் அவிழாது, ஆள் உட்கார்ந்து கையால்தான் அவிழ்க்க வேண்டும்.

இன்று ஒரு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். காலரைப் பார்த்தார். பொத்தானைத் தடவினார். முகர்ந்தும் பார்த்தார்.

"என்ன மாமா, சட்டைகிட்ட ஜாதகமா கேக்குறீக?" என்றேன்.

அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு மெதுவாக, பக்கத்தில் யாருக்கும் கேட்காமல், "இது யாருது பவுனு?" என்றார்.

அது அவருடைய சட்டை.

பயங்கரச் சிரிப்பு. திங்கட்கிழமை வகுப்பில் சொல்ல வேண்டும். தாசில்தார் நைட்டியைவிட இது நன்றாக எடுபடும்.

ராத்திரி ரசம் வைத்தேன். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, "இன்னைக்குச் சோறு இல்லையா?" என்றார். அதையும் கேலிக்குத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். அவருக்கும் கேலி பண்ண முறை இருக்கிறதே.

ஆடி 12, திங்கள்

சட்டைக் கதையைச் சொன்னேன். மாமா நின்ற நிற்பு, முகர்ந்தது, தலையைச் சொறிந்தது, எல்லாம் நடித்தே காட்டினேன். பெண்கள் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

ஹேமலதா மட்டும் சிரிக்கவில்லை. பதிவு பண்ணுகிற பொத்தானையும் அமுக்கவில்லை.

"பவுனுக்கா, இதை எதுக்குச் சொல்றீங்க?"

"இதென்ன கேள்வி? சிரிக்கத்தான்."

"யாரு சிரிக்க?"

"நீங்கதான். நான் அன்னைக்கே சிரிச்சிட்டேன்."

"நெஜமா சிரிச்சீங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் சிரித்தேனா இல்லையா என்று பார்க்க இவள் வந்தாளா வண்டிக்கு?

அது கோபப்படவில்லை. இதே கதையை மாமா சொன்னால் எப்படிச் சொல்வார், அதை எழுதிக்கொண்டு வாருங்கள் என்றது. ஒரே சங்கதிதான், பார்க்கிற கண் மாறினால் மனநிலை மாறிவிடும், அதைப் பாருங்கள் என்றது.

போகும்போது இட்லிக்கடை சகாயமேரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க மாமியாளுக்கும் மொதல்ல இப்படித்தான் பவுனு ஆரம்பிச்சுச்சு. சொந்த வளையலையே…" என்று ஏதோ சொல்ல வந்தது. போண்டா ஆறிப்போகும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆடி 13, செவ்வாய்

வீட்டுப்பாடம்.

நான் சோணைமுத்து. எனக்கு வாய்த்த பொண்டாட்டி ஊர் வாயாடி. அவள் பேசுகிற வேகத்துக்கு நான் தேய்த்தால் ஒரு நாளில் மதுரை முழுக்கத் தேய்த்துவிடுவேன். வெள்ளிக்கிழமை ஒரு சட்டையைக் கையில் எடுத்தேன்.

இதுவரைக்கும் நன்றாக வந்தது. அதற்குமேல் வரவில்லை. சட்டையைக் கையில் எடுத்த மனுசனை அப்படியே நிற்கவைத்துவிட்டு நான் போய்ப் பாத்திரம் கழுவினேன். திரும்பி வந்தேன். அங்கேயேதான் நின்றார்.

அவரிடமே கேட்டுவிட்டேன். "மாமா, அன்னைக்கு அந்தச் சட்டையப் பாத்தப்ப என்ன நெனச்சீக?"

"எந்தச் சட்டை?"

"ஊதாக் கோடு போட்டது."

யோசித்தார். "நல்ல சட்டை. யாரோ பாத்துப் பாத்து வச்சிருக்காக. காலர்ல ஒரு நூலு பிரியல. அந்த வீட்டுப் பொம்பள கெட்டிக்காரின்னு நெனச்சேன்."

இதை வீட்டுப்பாடத்தில் எழுதவில்லை.

ஆடி 16, வெள்ளி

அபார்ட்மெண்ட் செக்ரட்டரி வரதராஜன் சார் வண்டிக்கு வந்தார். கையில் ஒரு வேட்டி. நடுவில் இஸ்திரிப் பெட்டியின் அச்சு, பெட்டியின் மூக்கு முதற்கொண்டு அப்படியே விழுந்திருக்கிறது. மாமா வேட்டிமேல் பெட்டியை வைத்துவிட்டு எதையோ பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் அப்போது ஏ பிளாக்கில் இருந்தேன்.

"படம் நல்லா வந்திருக்கு சார். இன்னொரு வேட்டி குடுத்தீகன்னா ஜோடியாப் போட்டுரலாம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இங்க பாரும்மா, விளையாட்டு இல்ல. வாரா வாரம் யாராவது என் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க. ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுல கெடக்கு. இப்ப நெருப்பு வேற. நாளைக்கு மரமே பத்திக்கிட்டா யாரு பதில் சொல்றது? உன் வீட்டுக்காரர் இனிமே எந்த வீட்டுத் துணியையும் தொடக்கூடாது, பெட்டியையும் தொடக்கூடாது. சரின்னா வண்டி நிக்கட்டும். இல்லேன்னா வேற எடம் பாத்துக்க."

மாமா முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். செக்ரட்டரி போனதும், "யாருடி அந்த ஆளு? யாரைச் சொல்றான்?" என்றார்.

"யாரோ ஒரு ஆளு மாமா. பழைய தேய்ப்புக்காரனாம்."

"தொழில் தெரியாதவன வச்சுக்கிட்டா இப்படித்தான்" என்றார்.

திருப்பூரிலிருந்து மகள் பேச்சி போன் பண்ணினாள். அவளிடம் வேட்டிக் கதையைச் சிரிப்பாகச் சொன்னேன். அவள் அழுதாள். "அம்மா, நீ சிரிச்சுச் சிரிச்சே நாளக் கடத்துற. அப்பாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்றாள். அவள் சின்னப் பிள்ளையிலிருந்தே அழுமூஞ்சி.

ஆடி 18, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம் ரெண்டும் கிளறினேன். காலையில் ரேடியோவில் என் கதை வந்தது. வண்டி ஓரத்தில் போனை வைத்துச் சத்தமாகப் போட்டேன். மாமா காதைச் சாய்த்துக் கேட்டார்.

முழுதும் கேட்டார். தாசில்தார் சம்சாரம் நைட்டியைத் தூக்கிப் பிடித்த இடத்தில் தொடையில் தட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் சந்தோஷம். பரவாயில்லை, சரியான இடத்தில் சிரிக்கிறாரே என்று நினைத்தேன்.

"யாரு இது? நல்லாப் பேசுது" என்றார்.

நான் போனை எடுத்து முந்தானையால் துடைத்தேன்.

"பாவம்" என்றார்.

"யாரு மாமா, அந்தத் தேய்ப்புக்காரரா?"

"அவனுக்கு என்ன. அவன் பாட்டுக்கு இருக்கான், அவனுக்குத் தெரியாது. இந்தப் பொம்பளைக்குத் தெரியுது. தெரிஞ்சுக்கிட்டே சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுது பாரு."

எலுமிச்சைச் சாதத்தில் உப்புக் கூடிவிட்டது. மாமா கவனிக்காமல் சாப்பிட்டார்.

ஆடி 19, திங்கள்

வகுப்புக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லும்படி சகாயமேரியிடம் சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

ஆடி 22, வியாழன்

பெரியாஸ்பத்திரி. காலையிலேயே போய் வரிசையில் நின்றோம். மாமா பக்கத்தில் நின்றவரின் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்துவிட்டார். அந்த ஆள் சண்டைக்கு வந்தார். "கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாக்குறோம்ணே, தப்பா எடுத்துக்காதீக" என்று சமாளித்தேன்.

டாக்டர் சின்ன வயசு. மாமாவிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டார்.

"வியாழன்" என்றேன்.

"அம்மா, நீங்க சொல்லாதீங்க. அவர் சொல்லட்டும்."

மாமா சுவரைப் பார்த்தார். "கிழமையெல்லாம் எம் பொண்டாட்டிதான் பாத்துக்கிரும்" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

டாக்டர் பேனாவைக் காட்டி இது என்ன என்றார், கடிகாரத்தைக் காட்டினார். சாவியைக் காட்டியபோது மாமா ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். கடைசியில் என்னைக் காட்டி, "இவங்க யாரு?" என்றார் டாக்டர்.

மாமா என்னைப் பார்த்தார். அவர் அப்படி என்னைப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அந்தச் சட்டையைப் பார்த்தாரே, அந்தப் பார்வை. நான் தலைமுடியைக்கூட ஒதுக்கிக்கொண்டேன்.

"எங்க அக்கா மக" என்றார். "வாயி ஜாஸ்தி."

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"சரிதான் டாக்டர். அதுவும் உண்மைதான்" என்றேன்.

அப்புறம் டாக்டர் என்னென்னவோ சொன்னார். போனது திரும்பாது, இருக்கிறதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், மாத்திரை கொஞ்சம் மெதுவாக்கும், தனியாக வெளியே விடக்கூடாது, நெருப்புப் பக்கமே விடக்கூடாது. எங்கள் பிழைப்பே நெருப்புதானே டாக்டர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற இடம் இல்லைதான். ஹேமலதா சொன்ன பாடம் அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது.

"சும்மா மட்டும் உக்காரவச்சுறாதீங்க. கைக்கு ஏதாவது வேலை குடுங்க" என்றும் சொன்னார்.

பஸ்ஸில் மாமா என் தோளில் தூங்கினார். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போனோம். எழுப்ப மனசு வரவில்லை.

ஆடி 23, வெள்ளி

மாமாவை முக்காலியில் உட்காரவைத்து நான் தேய்த்தேன். அவருடைய கை சும்மா இருக்கவில்லை. வேட்டி நுனியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு எழுந்து ஒரு சட்டையை எடுக்க வந்தார். "இது வேண்டாம் மாமா" என்றேன். உட்கார்ந்தார். மறுபடி வந்தார். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை வரவில்லை. முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அந்த முதுகை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஆடி 24, சனி

வீட்டிலிருந்து என் பழைய சேலைகளைக் கொண்டுபோனேன். மாமாவிடம் கொடுத்து, "மடிங்க மாமா" என்றேன்.

"யாருது?"

"பெரிய வீட்டுது. ரொம்பக் கறாரான பொம்பள. பாத்து மடிங்க."

ஓரத்தோடு ஓரம் சேர்த்து, உள்ளங்கையால் நீவி, கத்தி மாதிரி மடித்தார். எதுவும் மறக்கவில்லை அந்தக் கை. மடித்து முடித்ததும் அவர் பார்க்காதபோது எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கொடுத்தேன். சாயங்காலம் வரை மடித்தார். "இந்த வீட்டுல ஏகப்பட்ட சேலை வச்சிருக்காக" என்றார்.

"புருசன் நல்லாச் சம்பாதிச்சுப் போட்டிருக்காரு" என்றேன்.

ஆடி 26, திங்கள்

வகுப்புக்கு மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பின்வரிசையில் போண்டாவோடு உட்கார்ந்துகொண்டார்.

ஹேமலதா என்னை எதுவும் கேட்கவில்லை. நானாகவே எழுந்தேன். அதே சட்டைக் கதைதான். இந்தத் தடவை நடிக்கவில்லை, தலையைச் சொறியவில்லை. அவர் கேட்டதைச் சொன்னேன். நான் கேலி பண்ணியதைச் சொன்னேன். அந்த வீட்டுப் பொம்பள கெட்டிக்காரி என்று அவர் சொன்னதையும் சொன்னேன். ஒருத்தரும் தரையைத் தட்டவில்லை. சகாயமேரி முந்தானையால் மூக்கைத் துடைத்தது.

"இப்ப எதுக்குச் சொன்னீங்கக்கா?" என்று ஹேமலதா கேட்டது. போன தடவை மாதிரி இல்லை, தணிந்து கேட்டது.

"நான் சொல்லாட்டி தெரு சொல்லும்மா. தெரு சொன்னா அவரு கிறுக்கன். நான் சொன்னா அவரு எங்க மாமா. அதுக்குத்தான்" என்றேன்.

ஹேமலதா பதிவு பண்ணுகிற பொத்தானை அமுக்கி நிறுத்தியது. "இதையும் ரேடியோவுல போடலாமாக்கா?" என்றது.

மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் முந்தானை நுனியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"போடு. சிரிப்பு வர்ற எடத்த மட்டும் வெட்டிராத" என்றேன்.

ஆடி 29, வியாழன்

நாளைக்கு சுதந்திர தினம். செக்ரட்டரி சார் கொடியைக் கொண்டுவந்தார். பெட்டியில் கிடந்து சுருங்கியிருக்கிறது, நல்லாத் தேய்த்து வையம்மா, வாட்ச்மேன் வந்து வாங்கிக்கொள்வார் என்றார். மாமா சேலை மடிப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். கீழே விழுந்த ஒரு சேலையை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

நானேதான் தேய்த்தேன். தேய்த்துவிட்டு நிமிர்ந்தால், மாமா எதிரே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

யோசித்தேன். எந்த வீட்டுத் துணியையும் தொடக்கூடாது என்றுதான் செக்ரட்டரி சொன்னார். கொடி எந்த வீட்டுத் துணியும் இல்லை. அதை வீடு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. கொடுத்துவிட்டேன்.

மாமா யாருது என்று கேட்கவே இல்லை. ரெண்டு கையிலும் ஏந்தி வாங்கினார். துண்டைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டார். அப்புறம் மடித்தார். ஒரு சுருக்கம் இல்லை. வாட்ச்மேன் வந்து, "கொடிய மடிச்சா பத்தாது, கயித்தோட சேத்துக் கட்டணுமே" என்றார். மாமா கயிற்றை வாங்கி, மூட்டைக்குப் போடுகிற முடிச்சிலேயே அதையும் கட்டிக் கொடுத்தார். "பாத்துக் கொண்டு போ. வழியில அவுந்துரக் கூடாது" என்று வாட்ச்மேனுக்குப் புத்தியும் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். "இன்னைக்கு நல்ல வேலை பவுனு" என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

ஆடி 30, வெள்ளி

காலையில் அபார்ட்மெண்ட் முழுக்கக் கீழே கூடியிருந்தது. மாமா ஊதாக் கோடு சட்டை போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். செக்ரட்டரி சார் கயிற்றை இழுத்தார். கொடி மேலே போய் நின்றது. மறுபடி இழுத்தார். அவிழவில்லை. தாசில்தார் வந்து இழுத்தார். வாட்ச்மேன் வந்து இழுத்தார். அதற்குள் ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டுவிட்டதால் எல்லாரும் அசையாமல் நின்று பொட்டலத்துக்குச் சல்யூட் அடித்தார்கள். மாமாவும் அடித்தார். பாட்டு முடிந்ததும் ஏணி கொண்டுவர ஆள் போனது. ஏணி எட்டவில்லை. மிட்டாயை முதலில் கொடுத்துவிட்டார்கள்.